பல ஆண்டுகள் ஓடாத பாய்மரப் படகின் டீசல் எஞ்சினை மீண்டும் ஓட வைப்பது எப்படி?

பல ஆண்டுகள் கட்டிப்போட்டிருந்த பாய்மரப் படகை வாங்கியவர்களில் பெரும்பாலோர், எஞ்சின் அறையின் மூடியைத் திறந்ததும் புதிய பேட்டரியை மாட்டிச் செல்ஃப் அடித்துப் பார்க்கவே விரும்புகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சும்மா கிடந்ததால் எஞ்சினுக்கு நேர்ந்த பழுதைவிட, அந்த முதல் அரை மணி நேர அவசரத்தால் நேரும் பழுது பெரும்பாலும் அதிகமாக இருக்கும். ஆகவே இந்த விளக்கத்தில் செல்ஃப் மோட்டார் கடைசியில்தான் வரும். இங்கே சொல்லப்படுபவை, மின்னணுக் கட்டுப்பாடு ஏதும் இல்லாத, 1 முதல் 3 சிலிண்டர்கள் வரை உள்ள பழைய எஞ்சின்களுக்கு உரியவை. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது; சிலிண்டருக்குள் காற்று ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக அழுத்தப்படும்போது உண்டாகும் வெப்பமே டீசலைப் பற்ற வைக்கிறது. கம்ப்ரஷன் இருக்கிறதா, சுத்தமான டீசல் காற்றுக் குமிழி இல்லாமல் வந்து சேர்கிறதா என்னும் இரண்டு கேள்விகளே நம் வேலையின் பெரும்பகுதி.

1. கையால் சுற்றிப் பார்த்தல்

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, கிராங்க் ஷாஃப்டின் முன்முனையில் உள்ள புல்லியின் நடு போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி, டீகம்ப்ரஷன் லீவர் (சிலிண்டரில் அழுத்தம் சேராமல் வால்வைத் திறந்து பிடிக்கும் லீவர்) இருந்தால் அதைத் தூக்கி வைத்து, எஞ்சின் வழக்கமாகச் சுற்றும் திசையிலேயே மெதுவாக இரண்டு முழுச் சுற்றுகள் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் போல்ட் கழலக்கூடும்; நீர்ப் பம்பின் இறக்கைகளும் தவறான பக்கம் மடங்கிக்கொள்ளும். பிறகு லீவரை இறக்கிவிட்டு மீண்டும் சுற்றும்போது, ஸ்பேனர் மெத்தென்று எதிர்த்து நின்று, சற்றுப் பொறுத்தால் "புஸ்" என்று வழிவிடுமானால் அதுதான் கம்ப்ரஷன், மகிழ்ச்சி அடையலாம். மாறாக, சுவரில் முட்டியது போல் சட்டென்று நின்றால், பிஸ்டன் ரிங்குகள் துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம், அல்லது சிலிண்டருக்குள் நீர் இருக்கலாம். அப்போது ஸ்பேனரில் நீளக் குழாயைச் சொருகி இழுக்கக் கூடாது. டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் துரு இளக்கும் எண்ணெயைச் சிறிது ஊற்றி, சில நாட்கள் ஊறவிட்டு, தினமும் முன்னும் பின்னுமாக மிக லேசாக அசைத்துப் பாருங்கள். இங்கே தேவைப்படுவது பலமன்று, பொறுமை.

2. ஆயில்

ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் கறுப்பாக இருப்பது இயல்பு. பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் மேலே செல்லக் கூடாது. எஞ்சினுக்குக் கீழே கை நுழையாத படகுகளில், டிப்ஸ்டிக் குழாய் வழியாகவே கைப்பம்பால் பழைய ஆயிலை உறிஞ்சி எடுத்துவிடலாம். ஆயில் ஃபில்டரையும் மாற்றுங்கள். கியர்பாக்ஸுக்குப் பெரும்பாலும் தனி ஆயில் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள்.

3. டீசலும் ஃபில்டரும்

டேங்கில் கிடக்கும் பழைய டீசலை நம்ப வேண்டாம். டேங்கின் அடியில் சேரும் நீருக்கும் அதன் மேலுள்ள டீசலுக்கும் நடுவில் நுண்ணுயிர்கள் பெருகி, கரிய கொழகொழப்பான கசடாகப் படிந்து ஃபில்டரை அடைத்துவிடும். டேங்கைச் சுத்தம் செய்வது தனி வேலை. இப்போதைக்கு அதைத் துண்டித்துவிட்டு, எஞ்சினைவிடச் சற்று உயரத்தில் ஒரு சுத்தமான கேனைக் கட்டி, அதில் புதிய டீசலை ஊற்றி நேராக இணைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினிலிருந்து திரும்பி வரும் ரிட்டர்ன் குழாயையும் அதே கேனில் விட வேண்டும். இரண்டு ஃபில்டர்களையும், அதாவது நீரைப் பிரிக்கும் முதல் ஃபில்டரையும் எஞ்சின் மேலுள்ள நுண் ஃபில்டரையும், அவற்றின் ரப்பர் வளையங்களோடு மாற்றிவிடுங்கள்.

4. ஏர் எடுத்தல்

புதியவர்கள் அதிகம் திணறுவது இங்கேதான். காற்று அமுங்கும், டீசல் அமுங்காது; குழாயில் சிறு குமிழி இருந்தாலும் இன்ஜெக்டர் பம்ப் கொடுக்கும் அழுத்தத்தை அது விழுங்கிவிடும், இன்ஜெக்டரின் முனையான நாசில் திறக்காது.

முதலில் நுண் ஃபில்டரின் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்தி, அடியில் துணியை வைத்து, டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பின் சிறு லீவரைக் கையால் அடியுங்கள். லீவர் தளர்வாக ஆடி, பம்ப் அடிக்கவில்லை என்றால் அது பழுதாகியிருக்க வேண்டியதில்லை; உள்ளே பம்பை இயக்கும் கேம் அதைத் தாங்கி நிற்கக்கூடும், ஆகவே கிராங்கை ஒரு சுற்று சுற்றிவிட்டு மீண்டும் முயலுங்கள். முதலில் வெறும் காற்றும், பிறகு சோப்பு நுரை போன்ற டீசலும், கடைசியில் கண்ணாடி போலத் தெளிந்த டீசலும் வழியும். வழிந்துகொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்குங்கள். அடுத்து இன்ஜெக்டர் பம்பில் உள்ள ஸ்க்ரூவுக்கும் இதையே செய்யுங்கள். எவ்வளவு அடித்தும் நுரை நிற்கவில்லை என்றால், ஃபீட் பம்புக்கு முன்னால் உள்ள இணைப்பு எதிலோ காற்று புகுகிறது. அந்தப் பகுதி உறிஞ்சும் பகுதி என்பதால் அங்கே டீசல் வெளியே கசியாமலேயே காற்று உள்ளே போகக்கூடும். அதனால் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் இணைப்பையே சந்தேகியுங்கள். பழைய செம்பு வாஷர்கள்தான் பெரும்பாலும் குற்றவாளிகள்.

இறுதியாக, இன்ஜெக்டர்களுக்குச் செல்லும் உயர் அழுத்தக் குழாய்களின் நட்டுகளை அரைச் சுற்று மட்டும் தளர்த்தி வையுங்கள். 6-ஆம் படியில் செல்ஃப் அடித்து எஞ்சினைச் சுற்றும்போது அங்கே டீசல் துடித்துத் துடித்து வந்தால் இறுக்கிவிடலாம். அங்கே விரலை வைத்துப் பார்க்கவே கூடாது; அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

5. கடல்நீர்ப் பாதை

எஞ்சினைக் குளிர்விக்கப் பம்ப் இழுக்கும் கடல்நீர், கடைசியில் புகையோடு கலந்து புகைக்குழாய் வழியாக வெளியேறும். நீர்ப் பம்பின் மூடியைத் திறந்து, அதன் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரை மாற்றிவிடுங்கள். பழையதில் ஓர் இறக்கை காணாமல் போயிருந்தால், அது பெரும்பாலும், கடல்நீரால் எஞ்சினின் வெப்பத்தை வாங்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் சிக்கிக்கொண்டிருக்கும். அதைத் தேடி எடுத்தாக வேண்டும். புகைக்குழாய் வளைவு கரியாலும் துருவாலும் அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

6. ஸ்டார்ட் செய்தல்

12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் சுமார் 12.7 வோல்ட் காட்ட வேண்டும். எர்த் கேபிளின் இரு முனைகளையும் பளபளக்கத் தேயுங்கள். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் போதிய வெப்பம் பிறக்காது. டீசலை நிறுத்தி எஞ்சினை அணைக்கும் ஸ்டாப் லீவர் ஓடும் நிலைக்குத் திரும்பியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கேபிள் துருவேறி அது பாதியில் நின்றுவிடுவது உண்டு.

இப்போது கடல்நீரை உள்ளே விடும் வால்வை மூடி வையுங்கள். நான் முதன்முதலில் இந்த வேலையில் இறங்கியபோது வால்வைத் திறந்து வைத்தபடியே விட்டுவிட்டு வெகுநேரம் செல்ஃப் அடித்தேன். எஞ்சின் பற்றாவிட்டாலும் பம்ப் நீரைத் தள்ளிக்கொண்டே இருந்தது; அதை வெளியே தள்ளப் புகை இல்லாததால் நீர் சைலன்சரை நிரப்பி, புகைவழியாகச் சிலிண்டருக்குள் ஏறி, "டக்" என்ற சத்தத்தோடு எல்லாம் நின்றது. இன்ஜெக்டரைக் கழற்றிக் கையால் சுற்றியபோது உப்பு நீர் என் முகத்தில் பீய்ச்சியடித்தது.

ஹீட்டர் பிளக் இருந்தால் 15 வினாடிகள் சூடேற்றி, ஆக்சிலேட்டரைப் பாதி திறந்து, ஒருமுறைக்குப் பத்து வினாடிகளுக்கு மேல் போகாமல், இடையிடையே ஒரு நிமிடம் ஆறவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். ஈதர் ஸ்ப்ரேயை, அதுவும் ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில், ஒருபோதும் அடிக்காதீர்கள். காற்று நுழையும் வாயை மூட ஒரு தடித்த பலகை கையருகே இருக்கட்டும். எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகமெடுத்தால் அதை நிறுத்தும் வழி அதுதான்.

எஞ்சின் பற்றியவுடன் வால்வைத் திறந்துவிடுங்கள். ஆயில் பிரஷர் விளக்கு சில வினாடிகளில் அணைய வேண்டும். புகைக்குழாயில் ஒரு நிமிடத்திற்குள் நீர் கொட்ட வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் ஸ்டாப் லீவரை இழுத்து நிறுத்துங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி சுவிட்சை மட்டும் தொடாதீர்கள், ஆல்டர்னேட்டரின் டையோடுகள் எரிந்துபோகும். முதல் சில நிமிட வெண்புகை, எரியாத டீசல். சூடேறியதும் அது மறையும். நீலப்புகை நிற்கவில்லை என்றால் ஆயில் எரிகிறது. படகை உறுதியாகக் கட்டிவிட்டுக் கியரில் போட்டு அரை மணி நேரம் லோடில் ஓட்டிப் பாருங்கள். கரும்புகை வந்தால், எஞ்சினைச் சந்தேகிக்கும் முன் சிப்பி மண்டிய ப்ரொப்பெல்லரைப் பாருங்கள். சில மணி நேரம் ஓடியபின் ஆயிலை இன்னொரு முறை மாற்றிவிட்டு, டேங்கைச் சுத்தம் செய்யும் வேலையைத் தொடங்குங்கள்.