பர்கண்டி ஒயின் பாதையில் கார் கிளப்புகள் செய்யும் தவறுகள்

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில், டிஜோன் நகரில் தொடங்கி தெற்கே சாந்தனே ஊர் வரை போகும் கிராண் க்ரூ (முதல் தரத் திராட்சைத் தோட்டங்கள்) பாதை மொத்தமே சுமார் 60 கிலோமீட்டர்தான். பிரான்சின் முதல் ஒயின் சுற்றுலாப் பாதைகளில் ஒன்று, 1937-லிருந்து இருக்கிறது. அந்த 60 என்ற எண்தான் இங்கிலாந்திலிருந்து பழைய கார்களோடு கிளம்பும் கிளப்புகளை முதலில் ஏமாற்றுகிறது. காலையில் ஆரம்பித்தால் மதியத்துக்குள் முடித்துவிட்டு லியோன் பக்கம் போய்விடலாம் என்று திட்டம் போடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இதற்கு முழுசாக இரண்டு நாள் வேண்டும், மூன்று நாள் கிடைத்தால் இன்னும் நல்லது.

அடுத்தது, வழிகாட்டிக் கருவி சொல்வதைக் கேட்டு டி974 பெரிய சாலையிலேயே ஓட்டிக்கொண்டு போவது. அந்தச் சாலை திராட்சைத் தோட்டச் சரிவின் அடியில் போகிறது. பேர்பெற்ற தோட்டங்கள் எல்லாம் அதற்கு மேற்கே, சரிவின் நடுப்பகுதியில் இருக்கின்றன. அங்கே தண்ணீர் நன்றாக வடியும், காலை வெயில் நேராக விழும். ஷெவ்ரே-ஷாம்பெர்தானில் உள்ளே திரும்பி டி122 என்ற சின்னச் சாலையைப் பிடித்தால் மோரே, ஷாம்போல், வூழோ என்று ஒவ்வொரு ஊராக நடுவில் போகலாம். வூழோவில் சீத்தோ மடத்துத் துறவிகள் 12-ஆம் நூற்றாண்டில் உருவாக்கத் தொடங்கிய தோட்டம் இருக்கிறது. ஒரே மதில், உள்ளே சுமார் 50 ஹெக்டேர், இன்றைக்கு 80 பேர் அளவுக்கு உரிமையாளர்கள். மேல் பக்கத்து மண்ணும் சாலையோரத்து மண்ணும் வேறு, ஒயினும் வேறு. இறங்கி அந்த மதிலோரமாக ஒரு கால் மணி நேரம் நடந்து பாருங்கள். இப்படிப் பிரித்த துண்டு நிலங்களை 2015-இல் யுனெஸ்கோ ஏன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது என்று காலுக்கே புரியும்.

இருபது கார்கள் ஒட்டிக்கொண்டு ஒரே வரிசையில் போவதும் தவறு. அந்த ஊர்த் தெருக்களில் எதிரே ஒரு டிராக்டர் வந்தால் போதும், எல்லாம் நின்றுவிடும். திராட்சைக் கொடி வரிசைக்கு மேலே கால் அகட்டி நிற்கிற மாதிரி உயரமான டிராக்டர்கள் அங்கே உண்டு, அறுவடைக் காலத்தில் அவைதான் சாலை முழுக்க. நான்கைந்து கார்களாகப் பிரிந்து இடைவெளி விட்டுக் கிளம்புங்கள். திருப்பத்தில் பின்னால் வருகிறவர் உங்களைப் பார்க்கும்வரை நின்று, அப்புறம் திரும்புங்கள். இன்னொன்று, பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்குத்தான் முதல் உரிமை. அது ஒரு சந்து மாதிரி இருந்தாலும் அப்படித்தான். பிரிட்டனிலிருந்து வருகிறவர்களுக்கு இது கையில் வரவே ஒரு நாள் ஆகும்.

இப்போது ஒயின். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பிரான்சில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு, உரிமம் வாங்கி மூன்று வருடம் ஆகாதவர்களுக்கு 0.2. இங்கிலாந்தின் 0.8-ஐ மனதில் வைத்துக்கொண்டு 'இரண்டு வாய்தானே' என்று நினைப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஒயின் வைத்திருக்கும் ஒரு நிலவறையில் ஆறு வகை ஊற்றுவார்கள். துப்புவதற்கென்று பாத்திரம் வைத்திருப்பார்கள்; அதில் துப்புவது மரியாதைக் குறைவு இல்லை, ஒயின் செய்கிறவரே துப்பித்தான் ருசி பார்க்கிறார். இருந்தாலும் ஓட்டுகிறவர் அன்றைக்குத் தொடாமலே இருப்பதுதான் சரி. காலையில் ஓட்டியவர், மதியம் வேறொருவர் என்று மாற்றிக்கொள்ளலாம், ஆனால் காலையில் குடித்தவர் மதியம் ஓட்டக்கூடாது.

சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்கவும் வேண்டாம். பர்கண்டியில் பலவும் ஒரு குடும்பமே ஒயின் செய்து விற்கும் சின்ன இடங்கள், நாற்பது பேர் அந்த நிலவறையில் நிற்கவே முடியாது. பல வாரம் முன்பே எழுதிக் கேளுங்கள், எத்தனை பேர் என்று உண்மையைச் சொல்லுங்கள், ருசி பார்த்த பிறகு ஒன்றிரண்டு பாட்டிலாவது வாங்குங்கள். மதியம் 12-லிருந்து 2 மணி வரை சாப்பாட்டு நேரம், யாரையும் தொந்தரவு செய்யாதீர்கள். நீங்களும் அப்போதே சாப்பிட்டுவிடுங்கள், மூன்று மணிக்குச் சமையலறை திறந்திருக்காது.

இதே பாதையில் போன் (Beaune) என்ற ஊரில் இருக்கும் பழைய மருத்துவமனையை வெளியிலிருந்தே பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நூறாண்டுப் போர் நாட்டைச் சூறையாடிய காலத்தில், 1443-இல், பர்கண்டி கோமகனின் முதன்மை அமைச்சர் நிக்கோலா ரோலென் ஏழைகளுக்காக நிறுவியது. தெருவிலிருந்து சாதாரண சிலேட்டுக் கூரைதான் தெரியும். முற்றத்துக்குள் போனால்தான் அந்த வண்ண ஓடுகள். உள்ளே கட்டில்கள் வரிசையாக இருக்கும் ஏழைகள் கூடம், ரோஹியர் வான் டெர் வைடன் வரைந்த இறுதித் தீர்ப்பு ஓவியம். இதன் தோட்டங்களில் விளையும் ஒயினை 1859 முதல் நவம்பரில் ஏலம் விடுகிறார்கள். இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

வண்டி விஷயம் சுருக்கமாக. பழைய காருக்கு எஸ்பி98 பெட்ரோல் போடுங்கள்; இ10 என்ற பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதம் வரை இருக்கும், பழைய ரப்பர் குழாய்களை அரித்துவிடும். பளபளக்கும் மேலங்கியும் எச்சரிக்கை முக்கோணமும் கட்டாயம், மேலங்கி டிக்கியில் அல்ல, கைக்கெட்டும் இடத்தில்.

டிக்கி என்றதும் கடைசியாக ஒன்று: ஜூலை வெயிலில் பாட்டில்களை அதிலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், சூட்டில் ஒயின் கெட்டுவிடும். பிரிட்டனுக்கு வரியில்லாமல் ஆளுக்கு 18 லிட்டர், அதாவது 24 பாட்டில் கொண்டுபோகலாம். சூடு படாமல் இருக்க, கடைசி நாள் வாங்கி, அன்றிரவு விடுதி அறைக்கே எடுத்துப் போய் வைத்துவிட்டு, காலையில் ஏற்றுங்கள்.