வருமான வரிக் கணக்கை எந்த ஆடிட்டரிடம் கொடுப்பது?

வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து கொடுக்கும் எவரையும் ‘ஆடிட்டர்’ என்றே அழைப்பது நம் வழக்கம். பட்டயக் கணக்காளர், வரி வழக்கறிஞர், வரி ஆலோசகர், கணினி மையத்தில் படிவம் நிரப்பப் பழகிக்கொண்டவர் என எல்லோருக்கும் அந்த ஒரே பெயர்தான். தனிநபரின் வரிக் கணக்கைப் பட்டயக் கணக்காளர்தான் தயாரிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வரித் தணிக்கை தேவைப்படும் தொழில்களுக்கே அவர் கட்டாயம். ஆகவே, எதிரில் அமர்ந்திருப்பவர் யார் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தம்மைப் பட்டயக் கணக்காளர் (சி.ஏ.) என்று சொல்பவரிடம் அவருடைய ஆறு இலக்க உறுப்பினர் எண்ணைக் கேட்டு வாங்கி, இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். முறையாகத் தொழில் செய்பவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அதற்கும் முன், ஆடிட்டர் தேவையா என்று யோசிப்பது நல்லது. சம்பளமும் வங்கி வட்டியும் தவிர வேறு வருமானம் இல்லாதவர், மொத்த வருமானம் 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், பெரும்பாலும் ஐ.டி.ஆர்-1 படிவத்தைத் தாமே நிரப்பிவிட முடியும். பங்குச் சந்தையில் எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர ஒப்பந்த வணிகம் செய்தவரின் நிலை வேறு. அந்த லாப நட்டம் தொழில் வருமானமாகக் கருதப்படுவதால் ஐ.டி.ஆர்-3 படிவம் தேவைப்படுகிறது. நட்டத்தை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுசெல்ல வேண்டுமானால் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். பணிபுரியும் நிறுவனம் கொடுத்த வெளிநாட்டுப் பங்குகளை வைத்திருப்பவர் அவற்றை வரிக் கணக்கின் தனி அட்டவணையில் காட்ட வேண்டும். காட்டாமல் விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தின் கீழ் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடமுண்டு. இத்தகைய கணக்கு வைத்திருப்பவர்கள், இதே போன்ற கணக்குகளை அந்த ஆடிட்டர் ஏற்கெனவே கையாண்டிருக்கிறாரா என்று நேரடியாகக் கேட்க வேண்டும். பொதுவான அனுபவம் இங்கே போதாது.

ஒருவரின் தரம் முதல் சந்திப்பிலேயே ஓரளவு தெரிந்துவிடும். கவனமாக வேலை செய்பவர், பணிபுரியும் நிறுவனம் தரும் வரிப்பிடித்தச் சான்றிதழான ஃபார்ம் 16 ஒன்றோடு திருப்தி அடையாமல், வரித் துறை உங்கள் பெயரில் வைத்திருக்கும் 26ஏ.எஸ். (வரிப்பிடித்த விவரம்), ஏ.ஐ.எஸ். (ஆண்டுத் தகவல் அறிக்கை) ஆகிய இரண்டையும் இணையத்திலிருந்து இறக்கி, அவற்றில் பதிவாகியுள்ள வட்டி, ஈவுத்தொகை, பங்கு விற்பனை ஒவ்வொன்றையும் பற்றி உங்களிடம் விசாரிப்பார். நீங்கள் மறந்தே போன ஒரு பழைய வைப்புத்தொகையின் வட்டி அங்கேதான் அகப்படும். பழைய வரிமுறை, புதிய வரிமுறை இரண்டிலும் கணக்கிட்டு, எது லாபம் என்பதைத் தாளில் காட்டுவார். வீட்டு வாடகைப்படிச் சலுகை கேட்டால் வாடகை ரசீதைக் கேட்பார். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணையும் கேட்பார். இப்படித் துருவித் துருவிக் கேட்பது நமக்குச் சலிப்பாக இருக்கலாம். ஆனால் நம்பி ஒப்படைக்கத் தகுந்தவர் அவரே.

ஆவணம் எதையும் பார்க்காமலே ‘இவ்வளவு ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன்’ என்று தொடங்குபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவது உத்தமம். கிடைக்கும் ரீஃபண்டில் சதவீதம் கேட்பவர்களும் இந்த வகையினரே. 2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை, பொய்யான வரிக் கழிவுகளைக் காட்டிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுத்தவர்களைக் குறிவைத்து நாட்டின் பல இடங்களில் சோதனை நடத்தியது. அப்போது வெளியான ஒரு விவரம் கவனிக்கத்தக்கது: மொத்தமாகக் கணக்குகளைத் தாக்கல் செய்வதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளை உருவாக்கி, பின்னர் அவற்றைக் கைவிட்டிருந்தார்கள். துறை அனுப்பிய நோட்டீஸ்கள் யாரும் திறக்காத அந்த முகவரிகளிலேயே கிடந்தன. வருமானத்தைத் தவறாகக் காட்டியது உறுதியானால், அதற்குரிய வரியின் 200 சதவீதம் வரை அபராதம் வரும். அதைக் கட்ட வேண்டியவர் ஆடிட்டர் அல்லர், பான் எண்ணுக்கு உரியவர்தான்.

ஆகவே, வருமான வரித் துறையின் இணையதளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து, பதிவாகியிருக்கும் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையவைதானா என்று இன்றே பாருங்கள். நெடுநாளாகத் தெரிந்தவரிடம் கணக்கைக் கொடுத்திருப்பவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். கடவுச்சொல்லைக் கொடுக்க நேர்ந்திருந்தால், வேலை முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.

கட்டணத்தை முன்கூட்டியே பேசி, பின்னால் நோட்டீஸ் வந்தால் பதில் தயாரிப்பதும் அதில் சேர்த்தியா என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஃபார்ம் 16 ஜூன் நடுவில் கைக்கு வந்துவிடும் என்பதால், அப்போதே ஆடிட்டரை அணுகுவது நல்லது. கெடு நெருங்கும் கடைசி வாரத்தில் எந்த ஆடிட்டருக்கும் உங்கள் ஏ.ஐ.எஸ்.ஸை நிதானமாகப் படிக்க நேரம் இருக்காது.

தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் கணக்கைச் சரிபார்ப்புச் செய்ய வேண்டும். பெரும்பாலும் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் அழைத்து, ‘ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்கள்’ என்பார்கள். அந்த ஆறு இலக்கங்களைச் சொல்வது கையெழுத்துப் போடுவதற்குச் சமம். கணக்கீட்டுத் தாளையும் நிரப்பிய படிவத்தையும் அனுப்பச் சொல்லி, வருமானத்தையும் கழிவுகளையும் வங்கிக் கணக்கு எண்ணையும் வரி வரியாகப் பார்த்த பிறகே ஓ.டி.பி.யைச் சொல்லுங்கள்.