பரிசோதனைப் பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன்

சிங்கப்பூரில் இருக்கிறீர்களா, நாற்பது வயது ஆகிவிட்டதா? தனியாரிடம் ஹெல்த் ஸ்கிரீனிங் பேக்கேஜ் வாங்கும் முன் அரசின் ஹெல்த்ஹப் செயலியில் சிங்பாஸ் (அரசு மின்னடையாளம்) வழியாக ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசு நோய்த்தடுப்புத் திட்டத்தில் சேர்ந்து, வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கைத் தேர்ந்தெடுங்கள். குடிமக்களுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனைகள் அங்கே இலவசம்.

ஷீல்டு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அது முக்கியமாக மருத்துவமனைச் செலவுக்குத்தான். வழக்கமான ஸ்கிரீனிங்கை அதில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் மூளையைக் காக்கும் வேலை ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு என்ற இந்த மூன்று எண்களில்தான் தொடங்குகிறது. டிமென்ஷியா என்ற மறதி நோய்க்கு நாம் மாற்றக்கூடிய காரணங்களாக 2024இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் சொன்ன 14இல் இந்த மூன்றும் உண்டு. நடுவயதில் கட்டுப்படுத்தாத ரத்த அழுத்தம் மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களை மெல்லச் சேதப்படுத்தும், வெளியே ஒன்றும் தெரியாது. அதனால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். வெறும் வயிற்றில் வரச் சொன்னால் தண்ணீர் மட்டும். காலைக் கோப்பி அப்புறம்.

நிரந்தரவாசிகளும் சேரலாம், ஆனால் சலுகை வேறுபடும், கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது, கம்பெனி காப்பீட்டில் ஸ்கிரீனிங் உண்டா என்று எச்ஆரிடம் கேளுங்கள். ஏற்கெனவே சர்க்கரையோ பிரஷரோ இருப்பவர்களுக்கு அதற்கான பரிசோதனை ஸ்கிரீனிங்கில் சேராது, சிகிச்சைக் கணக்கில் வரும். தலைவலி, பேச்சுக் குழறல், திடீர் மறதி என்று அறிகுறி இருந்தால் இதற்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவரிடம் போங்கள்.