டீசல் காரில் மைலேஜைத் தின்னும் ‘சிக்கன’ப் பழக்கங்கள்

டீசல் காரின் மைலேஜ் குறைந்தால் வேகமாக ஓட்டுவதே காரணம் என்று பலரும் முடிவு செய்துவிடுகிறார்கள். வேகத்துக்கு அதில் பங்கு உண்டு; ஆனால், எரிபொருளை மிச்சப்படுத்துவதாக நம்பிச் செய்யும் பழக்கங்கள் சிலவும் எஞ்சினை வருத்துவதோடு டீசலையும் கூடுதலாகக் குடிக்கவைக்கின்றன.

இவற்றில் முதன்மையானது, வேகம் போதாதபோதே மேல் கியருக்கு மாறிவிடுவது. ஐந்தாம் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் உருட்டிச் சென்று, மேடு வந்ததும் கியரைக் குறைக்காமல் ஆக்சிலரேட்டரை மட்டும் அழுத்தினால், எஞ்சின் நிமிடத்துக்கு 1,200 சுழற்சிக்கு அருகில் முக்கத் தொடங்கும். கியர் லீவரில் வைத்த கைக்கே அதிர்வு தெரியும். எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ, வெளியேறும் புகையின் விசையால்தான் சுழல்கிறது; அந்த நிலையில் அதைச் சுழற்றப் போதிய புகை அழுத்தம் இருக்காது. உள்ளே வரும் காற்று குறைவாகவும் செலுத்தப்படும் டீசல் அதிகமாகவும் இருப்பதால், அதில் ஒரு பகுதி சரியாக எரியாமல் கரியாகிறது. கிளட்சை ஒட்டியுள்ள ஃப்ளைவீல் என்னும் கனமான சக்கரமும் அடி வாங்குகிறது. பெரும்பாலான டர்போ டீசல் எஞ்சின்கள் ஏறத்தாழ 1,500 முதல் 2,500 சுழற்சிக்குள்தான் நன்றாக இழுக்கும். வண்டி திணறினால் தயங்காமல் ஒரு கியர் குறைப்பதே சிக்கனம்.

இதன் மறுபக்கமாக, கிளம்பும்போது ஆக்சிலரேட்டரை மிக மென்மையாகத் தொட்டு, வேகம் கூட நெடுநேரம் எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. டீசல் எஞ்சின் மிதமான சுழற்சியில் ஓரளவு பாரம் சுமக்கும்போதுதான் எரிபொருளை நன்கு பயன்படுத்துகிறது. ஆகவே பெடலைப் பாதியளவு உறுதியாக அழுத்தி, 2,000 முதல் 2,500 சுழற்சிக்குள் அடுத்தடுத்த கியருக்கு மாறி, வேண்டிய வேகத்தை விரைவில் எட்டிவிடுவது நல்லது. 4,000 சுழற்சி வரை இழுத்துப்பிடிப்பதில் சத்தம் கூடுமே தவிர, அதற்கேற்ற இழுவை கிடைக்காது.

இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதைப் போல ஆழமாக வேரூன்றிய பழக்கம் வேறில்லை. இன்றைய டீசல் கார்களில் உள்ள, மின்னணு முறையில் டீசல் செலுத்தும் காமன் ரெயில் எஞ்சினில், வண்டி கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் அதைச் செலுத்துவதையே நிறுத்திவிடுகின்றன. சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமல் இருக்கத் தொடர்ந்து டீசல் எரிந்தாக வேண்டும். உடனடி எரிபொருள் செலவைக் காட்டும் திரை உங்கள் காரில் இருந்தால், கியரில் இறங்கும்போது அது பூஜ்யத்தை (லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று காட்டும் திரையானால் அதன் உச்ச எண்ணை) காட்டுவதை நேரிலேயே பார்க்கலாம். செலவைவிட முக்கியமானது பாதுகாப்பு: எஞ்சினே வண்டியின் வேகத்தைப் பிடித்து நிறுத்தும் ‘எஞ்சின் பிரேக்கிங்’ இல்லாத நீண்ட இறக்கத்தில் பிரேக்குகள் சூடேறிப் பிடிமானம் இழக்கும்.

காலையில் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாகக் காத்திருப்பதும் வீண். பாரமின்றி ஓடும் டீசல் எஞ்சின் வெளிவிடும் வெப்பம் மிகக் குறைவு என்பதால் நின்ற இடத்தில் அது எளிதில் சூடேறாது. சில விநாடிகளில் கிளம்பி, முதல் சில கிலோமீட்டர்களை அவசரமின்றி ஓட்டுவதே விரைவான வழி.

டீசல் காரில் கைச்செலவை மிக அதிகமாக இழுத்துவிடும் தவறு, என் கருத்தில், டீபிஎஃப் என்னும் கரி வடிகட்டியை அறியாமல் ஓட்டுவதுதான். புகையிலுள்ள கரியைப் பிடித்துவைக்கும் இது நிரம்பி வரும்போது, எஞ்சின் கூடுதல் டீசலைச் செலுத்தி வடிகட்டியைச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, சேர்ந்த கரியை எரிக்கிறது. அப்போது நின்றிருக்கையிலும் எஞ்சின் சற்றே வேகமாக ஓடும், விசிறி உறுமும், மைலேஜ் திடீரெனச் சரியும், சூடான வாடை வரும். அந்த நேரத்தில் எஞ்சினை அணைத்தால் வேலை அரைகுறையாக நின்று, மறுமுறை முதலிலிருந்து தொடங்கும். இது திரும்பத் திரும்ப நடந்தால், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே எஞ்சின் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்துவிடும். இந்த அறிகுறிகள் தெரிந்தால் இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் தடையற்ற சாலையில் சீராக ஓட்டிவிட்டு அணையுங்கள். தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுபவருக்கு டீசல் கார் பொருத்தமான தேர்வே அல்ல.

நெடுஞ்சாலையில் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது: 100-லிருந்து 120 கிலோமீட்டருக்கு உயர்ந்தால் எதிர்ப்பு 44 சதவீதம் அதிகம். காலியான ரூஃப் ரேக்கைக் கழற்றாமல் வைத்திருப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். விரைந்து ஓட்டி வந்தவுடன் எஞ்சினைச் சட்டென அணைத்தால், கொதிக்கும் டர்போவுக்குள் ஆயில் ஓட்டம் நின்று அது கரிந்து படியும். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஓடவிட்டு அணைப்பது போதும். டேங்கை வற்றவிடுவதையும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் உயர் அழுத்த பம்ப்புக்கு வழுவழுப்பைத் தருவதே அதன் வழியே ஓடும் டீசல்தான்.

இவற்றையெல்லாம் திருத்திய பின்னும் மைலேஜ் கூடவில்லை என்றால், டயர் காற்றழுத்தத்தையும் ஏர் ஃபில்டரையும் பாருங்கள். பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி வந்து நிறுத்தியதும், நான்கு சக்கரங்களுக்கு அருகிலும் புறங்கையை நீட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அதன் பிரேக் விடுபடாமல் பிடித்துக்கொண்டிருக்கக்கூடும், உடனே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.