சீனிக்கட்டியில் ஒரு நில அமிழ்வு

2024 ஆகஸ்டில் கோலாலம்பூரின் ஜாலான் மஸ்ஜிட் இந்தியா தெருவில் நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா உள்ளே விழுந்தார். அதிலிருந்து என் பேத்தி அந்தப் பக்கமே நடக்க வர மறுத்தாள். "தாத்தா, ரோடு ஏன் வாயைத் திறக்குது?" என்றாள். நகரத்தில் குழாய்க் கசிவுகூட மண்ணை அரிக்கும். ஆனால் இயற்கையே பள்ளம் பறிக்கும் விதம் ஒன்று உண்டு, அதை முதலில் காட்டலாம் என்று செந்தூல் வீட்டு அஞ்சடியில், அதாவது வாசல் நடைபாதையில், உட்கார்ந்தோம்.

பலகாரம் வைக்கும் பிளாஸ்டிக் பாலாங் (ஜாடி) ஒன்று, சீனிக்கட்டி ஒரு பெட்டி, மணல், கொஞ்சம் களிமண், ஒரு ஸ்ட்ரா போதும். பாலாங்கின் அடியில் சுட்ட ஆணியால் ஏழெட்டு ஓட்டை போட்டு, பேசின்மேல் இரண்டு குச்சி வைத்து அதில் நிறுத்துங்கள். ஓட்டையை மறந்தால் எல்லாம் பாகாகிவிடும். சீனிக்கட்டிகளைப் பக்கச் சுவரை ஒட்டி நான்கு அடுக்கு அடுக்குங்கள், வெளியிலிருந்து தெரியவேண்டும். அதுதான் சுண்ணாம்புக்கல். கோலாலம்பூரின் கணிசமான பகுதிக்கு அடியில் இந்தக் கல்தான், மேலே கிள்ளான், கோம்பாக் ஆறுகள் கொண்டுவந்து போட்ட மண்.

முதல்முறை வெறும் மணலால் மூடி, மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். சீனி கரையக் கரைய மணல் சரிந்து இறங்கும். மேலே கிண்ணம்போல் ஒரு குழி மெல்ல விழும். இப்படி இறங்கும் நிலம் முன்கூட்டியே சொல்லிவிடும்: வேலி சாயும், சுவர் வெடிக்கும்.

இரண்டாவது முறைதான் முக்கியம். மணலோடு களிமண் பிசைந்து, நான்கு விரற்கடை கனத்துக்கு மூடுங்கள். ஓரமாக ஸ்ட்ராவைச் சீனிவரை செருகி அதன் வழியாகத் தண்ணீர் விடுங்கள். மேலே பொம்மைக் கார் ஒன்றை நிறுத்திவையுங்கள். உள்ளே குகை பெரிதாவது பக்கத்தில் தெரியும், கார் மட்டும் அசையாது. களிமண் வளைவுபோல் தாங்கி நிற்கும். அப்புறம் திடீரென்று தொப்! என் பேத்தி அலறிவிட்டாள். பிறகு அவளே சொன்னாள்: "ஓட்டை முன்னாடியே இருந்துச்சு தாத்தா."

ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள். சுண்ணாம்புக்கல் வெறும் தண்ணீருக்குக் கரையாது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகி, விரிசல்களில் இறங்கி, பல்லாயிரம் ஆண்டு எடுத்து அரிக்கிறது. குகை தண்ணீரால் நிறைந்திருக்கும்வரை அந்தத் தண்ணீரும் கூரையைத் தாங்கும். வறட்சியாலோ, நாம் உறிஞ்சுவதாலோ நிலத்தடி நீர் இறங்கினால் அந்தத் தாங்கல் போய்விடும்.

அடுத்த ஞாயிறு பத்துமலைக்குக் கூட்டிப்போங்கள், அதுவும் சுண்ணாம்புக்கல் குகைதான். 272 படி ஏறி, குகையின் கடைசிக் கூடம்வரை போய் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். கூரை இல்லாமல் வானமும் மரக்கிளைகளும் தெரியும். அங்கே விழுந்தது மண் அல்ல, பாறைக் கூரை.