ஆன் ஆக ஆறு நிமிடமா? ஃபார்மேட் போடும் முன் ஸ்டாப்வாட்சை எடுங்கள்

சேலம் செவ்வாய்பேட்டையில் என் மாமா வெள்ளிக் கொலுசு பட்டறை வைத்திருக்கிறார். பில் போட ஒரு டெஸ்க்டாப் உண்டு, ஏழு வருடப் பழசு. போன மாதம் போன் செய்து, "மாப்ள, காலையில பட்டன அழுத்துனா பில் போட ஆறு நிமிஷம் ஆவுது, ஆளுங்க வந்து நிக்கிறாங்க, மறுபடியும் ஃபார்மேட் போட்டுரலாமா?" என்று கேட்டார். ஏற்கெனவே இரண்டு தடவை கடையில் கொடுத்து ஃபார்மேட் போட்டாயிற்று, அதாவது டிஸ்க்கை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டாயிற்று. ஒவ்வொரு தடவையும் ஒரு மாதம் நன்றாக ஓடும், அப்புறம் பழையபடி ஆகிவிடும். வேண்டாம் மாமா, நான் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எங்கே நேரம் போகிறது என்று தெரியாமல் ஃபார்மேட்டும் போடக்கூடாது, காசும் செலவழிக்கக்கூடாது. கம்ப்யூட்டர் ஆன் ஆவது ஒரே வேலை மாதிரி தெரிந்தாலும் அது மூன்று கட்டம். பட்டன் அழுத்தியதிலிருந்து விண்டோஸ் சின்னம் வரும் வரை ஒன்று. சின்னத்திலிருந்து பாஸ்வேர்டு கேட்கும் வரை இரண்டு. பாஸ்வேர்டு போட்டதிலிருந்து நீங்கள் தினமும் திறக்கிற புரோகிராம் உண்மையிலேயே வேலை செய்யத் தயாராகும் வரை மூன்று. போனில் ஸ்டாப்வாட்சை எடுத்து மூன்றையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். ஒரு தடவை போதாது, இரண்டு மூன்று நாள் காலையில் பாருங்கள்.

அளக்கும்போது ஒரு விஷயம் குழப்பும். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உள்பகுதி முழுதாக மூடாது, அப்படியே டிஸ்கில் எழுதி வைக்கப்பட்டு மறுநாள் அங்கிருந்தே எழும். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் சிபியு பக்கத்தில் அப்டைம் என்ற எண்ணைப் பாருங்கள், தினமும் இரவில் அணைக்கிற மெஷினில் கூட பல நாள் ஓடியதாகக் காட்டும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாக ஆரம்பிக்கும், அல்லது ஷிப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுனைச் சொடுக்க வேண்டும். அதனால் இரண்டு விதமாகவும் அளந்து பாருங்கள். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகவும், ஷட் டவுன் செய்து எழுப்பினால் தகராறாகவும் இருந்தால், பவர் ஆப்ஷன்ஸில் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தி ஒரு வாரம் பாருங்கள்.

முதல் கட்டம் இழுத்தால் அதற்கும் விண்டோஸுக்கும் சம்பந்தமே இல்லை, ஃபார்மேட் போட்டாலும் மாறாது. பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன்னால் எழுந்து மெஷினைத் தயார் செய்யும் மதர்போர்டின் சொந்த புரோகிராம். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியின் மேல் ஓரத்தில் லாஸ்ட் பயாஸ் டைம் என்று நொடிக் கணக்கு இருக்கும். பழைய முறையில் பூட் ஆகும் மெஷின்களில் இது இருக்காது, ஸ்டாப்வாட்ச்தான் கதி. இருபது நொடியைத் தாண்டினால் முதலில் பென்டிரைவ், வெளி ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். அப்புறம் பயாஸுக்குள் போய் எதிலிருந்து எழ வேண்டும் என்று சொல்லும் பூட் வரிசையில் விண்டோஸ் இருக்கிற டிஸ்க்கை முதலாவதாக வையுங்கள், நெட்வொர்க் பூட் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஆபீஸில் என் பெரியப்பா மகன் வேலை பார்க்கிறார். அங்கே இடி மின்னலுக்குப் பயந்து தினமும் சாயங்காலம் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டுத்தான் பூட்டுவார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் அதில் ஒரு விளைவு இருக்கிறது. கம்ப்யூட்டரை அணைத்தாலும் மின்சாரம் வந்துகொண்டிருந்தால் உள்ளே இருக்கும் கடிகாரம் அதில் ஓடும். மெயின் இறங்கிவிட்டால் மதர்போர்டில் இருக்கிற வட்டமான சின்ன பேட்டரி ஒன்றுதான் அதைத் தாங்க வேண்டும். சிஆர்2032 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும், மூன்று வோல்ட். அது தீர்ந்துபோனதால் அங்கே தினமும் காலையில் கறுப்புத் திரை வந்து, எஃப்1 அழுத்தச் சொல்லி அப்படியே நின்றது. யாராவது கவனித்து அழுத்தும் வரை நிற்கும். தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும், அதனால் பேங்க் பக்கம் திறந்தால் பாதுகாப்பில்லை என்று பிரவுசர் மறுக்கும். அண்ணன் இதை நெட் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்தார். வயரைப் பிடுங்கிவிட்டு, நகத்தால் பக்கவாட்டுக் கொக்கியைத் தள்ளி பழைய பேட்டரியை எடுத்து, எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி புதியதை வைத்தேன். பயாஸில் தேதியையும் பூட் வரிசையையும் சரி செய்து சேமித்ததோடு அந்தத் தொல்லை தீர்ந்தது. பேட்டரி வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

மூன்றாவது கட்டம் இழுத்தால் அனேகமாக ஸ்டார்ட்அப்பில், அதாவது தானாக எழும் புரோகிராம்களின் பட்டியலில், கூட்டம் சேர்ந்திருக்கும். டாஸ்க் மேனேஜரின் அதே பகுதியில் ஒவ்வொன்றாகப் பார்த்து டிஸேபிள் கொடுங்கள். சாட் செயலிகள், கேம் லாஞ்சர்கள், பிரிண்டரோடு வந்த உதவி புரோகிராம்கள், அப்டேட் பார்ப்பவை, இதெல்லாம் காலையிலேயே எழ வேண்டியதில்லை. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் புரோகிராமும் அப்படித்தான், தேவைப்படும் நாளில் திறந்துகொள்ளலாம். ஆன்டிவைரஸ், ஆடியோ, கிராபிக்ஸ் இவற்றை விட்டுவிடுங்கள். என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை மாதிரி தமிழ் தட்டச்சு வைத்திருந்தால் அதையும் நிறுத்தாதீர்கள், நிறுத்திவிட்டு கீபோர்டு கெட்டுப்போனதாக நினைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டிஸேபிள் செய்வது அழிப்பது ஆகாது, எப்போது வேண்டுமானாலும் திரும்ப எனேபிள் செய்யலாம். தனியாக நிறுவிய ஆன்டிவைரஸ் இரண்டு இருந்தால் ஒன்றை முழுதாக நீக்குங்கள்.

மாமா மெஷினில் பதினோரு புரோகிராமை நிறுத்தினேன். ஆறு நிமிடம் ஐந்தாயிற்று, அவ்வளவுதான். அப்போதே டிஸ்க் மேல்தான் சந்தேகம் வந்தது.

இரண்டாவது கட்டம் இழுத்தாலும், இப்படிச் சந்தேகம் வந்தாலும், விண்டோஸ் தன் நடப்புகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், அதற்குள் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ், ஆபரேஷனல் என்று வரிசையாக இறங்குங்கள். 100 என்ற எண் உள்ள பதிவில், எழ எவ்வளவு நேரமானது என்று மில்லி செகண்டில் இருக்கும். ஆயிரத்தால் வகுத்தால் நொடி. 101 என்றால் இழுத்தடித்த புரோகிராம், 102 என்றால் டிரைவர், 103 என்றால் சர்வீஸ், பெயரோடு இருக்கும். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் பிடித்துவிட்டீர்கள். மாமா மெஷினில் பெயர்கள் தினமும் மாறிக்கொண்டே இருந்தன. எல்லாருமே தாமதமாக வருகிறார்கள் என்றால் வழியில்தான் கோளாறு.

டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றது, படிக்கும் வேகமோ நொடிக்கு ஒரு எம்பி கூட இல்லை. காதை கேபினட் பக்கம் வைத்தால் டக், டக் என்று இடைவெளி விட்டு ஒரு சத்தம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன், மஞ்சளில் எச்சரிக்கை. அதில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகள் முக்கியம், அவற்றின் ரா வேல்யூ என்ற எண் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். இங்கே சி5 பூஜ்ஜியம் இல்லை, அதாவது படிக்க முடியாமல் டிஸ்க் தடுமாறுகிற இடங்கள் இருந்தன. ஃபார்மேட் போட்டதும் ஒரு மாதம் ஏன் நன்றாக ஓடியது என்பது அப்போதுதான் புரிந்தது. ஃபைல்கள் நல்ல இடத்தில் புதிதாக எழுதப்பட்டன, நாளடைவில் மறுபடி கெட்ட இடத்துக்குள் போயின.

இப்படிக் கண்டால் அன்றைக்கே, வேறு எதையும் செய்யும் முன், கணக்கு ஃபைல்களை வெளி டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள்.

டிஸ்க் நன்றாகவே இருந்தாலும், பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால், சுழலும் பாகமே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியாக மாற்றுவதுதான் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய மாற்றம். ஹார்டு டிஸ்கில் படிக்கிற முள் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவ சுமார் 10 மில்லி செகண்ட் ஆகும், அதாவது நொடிக்கு நூறு தாவல் மாதிரி. விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களைக் கேட்கும். எஸ்எஸ்டியில் முள்ளே கிடையாது, ஒரு மில்லி செகண்டில் சிறு பங்குதான் ஆகும். பழைய மதர்போர்டுக்கு 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி போதும், இருக்கிற கேபிளிலேயே சேரும். பழையது நல்ல டிஸ்க் என்றால் குளோன் செய்யலாம், அதாவது அப்படியே முழு நகல் எடுக்கலாம். கெட்ட டிஸ்க்கைக் குளோன் செய்தால் கெட்டுப்போன ஃபைலும் சேர்ந்து வரும், அதனால் மாமாவுக்கு எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாகப் போட்டு ஃபைல்களை மட்டும் கொண்டுவந்தேன். ரேம் 4 ஜிபிதான், அதையும் 8 ஆக்கினேன்.

இப்போது பட்டன் அழுத்தி பில் திரை வர 38 நொடி. பழைய டிஸ்க்கை மாமா எடைக்குப் போடப் பார்த்தார், விடவில்லை. வருடக் கணக்கு முடியும் வரை அது ஒரு கவரில் தேதி எழுதி பீரோவில் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். எந்த பில் ஃபைல் விட்டுப்போனது என்பது அதைத் தேடும் நாளில்தான் தெரியும்.