கோடை விடுமுறையில் வேலை, படிப்பு, ஓய்வு: ஒரு வாரத்தைப் பிரித்துக்கொள்ளும் முறை

கல்லூரித் தேர்வு முடிந்த மறுநாளே துணிக்கடையிலோ கைப்பேசிக் கடையிலோ வேலைக்குச் சேர்ந்து, அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் ஒரு பகுதியையாவது தாமே ஈட்ட நினைக்கும் மாணவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அவர்களில் பலர் அதே ஆறு வார விடுமுறையில் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கும் படித்துவிட எண்ணுகிறார்கள். நானும் அப்படி ஒரு கோடையில் கடையில் நின்றவன். இரவு பதினொரு மணிக்குப் புத்தகத்தைத் திறந்து, ஒரே பக்கத்தை மூன்று முறை படித்தும் மனத்தில் நிற்காமல் போன அந்த நாட்களுக்குப் பிறகே, தூக்கத்துக்கு முதலில் நேரம் ஒதுக்கிவிட்டு மற்றவற்றை அதைச் சுற்றி அமைக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டேன். முதன்முறையாக வேலைக்குப் போகும் மாணவருக்காக அந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: ஒரே ஓர் இலக்கு

அரியர் தாள் இருந்தால் இந்தக் கோடையில் அதை மட்டும் படியுங்கள். குரூப் 4 காத்திருக்கும். அரியர் இல்லாதவர்கள் குரூப் 4 பாடத்திட்டம் முழுவதையும் எடுத்துக்கொள்ளாமல், தமிழ்ப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. மொத்தமுள்ள 200 வினாக்களில் 100 வினாக்கள், அதாவது 300 மதிப்பெண்ணில் 150, தமிழுக்கு உரியவை. அதில் 60 மதிப்பெண்ணுக்குக் குறைந்தால் மற்றப் பகுதி திருத்தப்படுவதே இல்லை. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான தமிழ்ப் பாடநூல்களே அதற்கு அடிப்படை. பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் அவை இலவசமாகவே கிடைப்பதால், வழிகாட்டி நூல்களுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

இரண்டாம் படி: 168 மணி நேரத்தைத் தாளில் எழுதுதல்

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். முதல் வரியில் தூக்கத்தை எழுதுங்கள்: இரவு 9.30 முதல் காலை 5 மணி வரை ஏழரை மணி நேரம் எனில், வாரத்துக்கு 52.5. காலை 10 முதல் மாலை 7 வரை கடை என்று கொண்டால், வேலை ஆறு நாளுக்கு 48 மணி நேரம், உணவு இடைவேளை 6. போக வர நாளுக்கு ஒன்றரை மணி நேரம் வீதம் பேருந்துக்கு 9. குளியல், சாப்பாடு, துணி துவைப்பது போன்றவற்றுக்கு நாளுக்கு இரண்டரை மணி நேரம் வீதம் 17.5. இவற்றைக் கூட்டினால் 133, மீதம் 35.

இந்த 35 மணி நேரத்தில் படிப்புக்கு 12 மட்டுமே ஒதுக்குங்கள்: வேலை நாட்களில் காலை 5.30 முதல் 7 வரை, விடுமுறை நாளில் மூன்று மணி நேரம். மீதி 23 மணி நேரத்தையும் படிப்பில் நிரப்பிவிடலாமே என்று தோன்றும், தயவுசெய்து செய்யாதீர்கள். பேருந்து தாமதமாவதும், உறவினர் வீட்டு விசேஷமும், காய்ச்சலும், சும்மா மொட்டைமாடியில் படுத்து வானம் பார்ப்பதும் அந்த நேரத்தில்தான் அடங்க வேண்டும். நண்பர்களுக்கும் அதில் இடம் வேண்டும்.

மூன்றாம் படி: கடையில் சேரும் முன்பே பேசுதல்

பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான், ஆகையால் சற்று விரிவாகச் சொல்கிறேன். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன்படி சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்க வேண்டுமானால், இடையில் ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும். கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி அளிக்க வேண்டும் என்பது 2021-இல் அதே சட்டத்தில் சேர்க்கப்பட்டது. சட்டத்தை எடுத்துக்கொண்டு முதலாளியுடன் வாதிடச் சொல்லவில்லை, உங்களுக்கு எது உரியது என்று தெரிந்திருந்தால், "அண்ணா, ஏழு மணிக்குக் கிளம்பிவிடலாமா? வார லீவு எந்தக் கிழமை?" என்று கேட்கும் குரலில் தயக்கம் குறையும். துணிக்கடைகளில் ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் அதிகம் என்பதால், வார விடுமுறை பெரும்பாலும் வேறு நாளில் விழும். உங்கள் மூன்று மணி நேரப் படிப்பையும் அந்த நாளுக்கே மாற்றிக்கொள்ளுங்கள். சம்பளத் தேதி, வேலையை விட்டு நிற்கும் தேதி ஆகிய இரண்டையும் முதல் நாளிலேயே சொல்லி வைப்பது அவசியம். நான் அதைச் சொல்லத் தவறியதால், கடைசி இரு வாரச் சம்பளத்துக்காகக் கல்லூரி திறந்த பிறகும் கடைக்கு அலைய நேர்ந்தது.

நான்காம் படி: முதல் வாரத்தில் பாதி மட்டும்

மே மாத வெயிலுக்கும் நாள் முழுதும் நிற்பதற்கும் உடல் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். எனவே முதல் வாரத்தில் ஆறு மணி நேரம் மட்டும் படியுங்கள். அடுத்த ஐந்து வாரங்களில் 60 மணி நேரம் சேர்த்தால் மொத்தம் 66 ஆகிறது: ஐந்து வகுப்புப் புத்தகங்களுக்குப் பத்து மணி நேரம் வீதம் 50, திருப்புதலுக்கும் பழைய வினாத்தாள்களுக்கும் 16. ஒவ்வொரு காலையும் முதல் பதினைந்து நிமிடம், நேற்றுப் படித்ததைப் புத்தகம் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். நினைவுக்கு வராததை மட்டும் மீண்டும் படித்துவிட்டுப் புதுப் பாடத்துக்குப் போங்கள்.

விடுமுறை நாளாயினும் பிற்பகலில் படிக்க முயல வேண்டாம். கத்திரி வெயிலில் காய்ந்த காங்கிரீட் கூரையின் கீழ் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படிப்பதைவிட, விடியலில் நாற்பது நிமிடம் படிப்பது மேல். அந்தப் பிற்பகலில் அரை மணி நேரம் படுத்து எழுவதே நல்லது. இரண்டு மணி நேரம் உறங்கினால் இரவுத் தூக்கம் தள்ளிப் போய்விடும்.

ஐந்தாம் படி: உடம்பைக் கவனித்தல்

தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர் குடியுங்கள். காலையில் நீராகாரமும், கையில் உப்பிட்ட மோரும் இருந்தால் போதுமானது. மிகவும் வியர்த்துச் சோர்ந்த நாளில் ஓ.ஆர்.எஸ். கரைசல் உதவும், ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரிலேயே கரைக்க வேண்டும், குறைந்த நீரில் கரைத்தால் உப்பு மிகுந்துவிடும். தலைசுற்றலோ குழப்பமோ வந்தால் உடனே நிழலுக்குப் போய்ப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் பத்து நிமிடம் காலைச் சுவரில் உயர்த்தி வைத்துப் படுத்தால், நின்று நின்று கனத்த கால் லேசாகும்.

ஆறாம் படி: வாரம் ஒரு முறை திருத்துதல்

விடுமுறை நாள் இரவில் அந்தத் தாளை எடுத்து, உண்மையில் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், படித்தீர்கள் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். தூக்கம் 49 மணி நேரத்துக்குக் கீழே போயிருந்தால், அடுத்த வாரம் படிப்பிலிருந்து மூன்று மணி நேரத்தைக் குறையுங்கள். கூடுதல் நேர வேலையால்தான் அது குறைந்தது என்றால், அடுத்த முறை மறுத்துவிடுங்கள். வீட்டில் பணம் மிகவும் தேவைப்படும் வாரமாக இருந்தால் வேலையை ஏற்று, அந்த வாரப் படிப்பை விட்டுவிடுங்கள். கல்லூரி திறக்க ஐந்து நாள் இருக்கும்போதே வேலையை முடித்து, பாக்கிச் சம்பளத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, அந்த ஐந்து நாளில் மூன்றையாவது எந்தத் திட்டமும் இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள்.